மாலை போட்டிருப்பான் என்று நினைத்தோம்

இந்த எச்.ஐ.வி. தடுப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அலுவலகம் ஒரு கைபேசியும் ஒரு நாற்காலியும் கொடுக்கும். நான் சேர்ந்தபோது ஒரு தோள்பை கொடுத்தார்கள். அதில் ஆணுறைகளும் துண்டறிக்கைகளும் இருக்கும். திண்டுக்கல்லில் பேருந்து நிலையம், மூடிக்கிடந்த ஒரு திரையரங்கின் பின்புறம், ஒரு குளக்கரை என்று ஆண்கள் ஆண்களைத் தேடி வரும் இடங்கள் எங்களுக்குத் தெரியும். அங்கே போய் நிற்போம். இப்போது அந்த இடங்களுக்கு இளைஞர்கள் வருவதில்லை. எல்லோரும் கைபேசிக்குள் போய்விட்டார்கள். அவர்களைத் தேடி நாமும் உள்ளே போனோம்.

சோதனை எப்படிச் செய்வது, மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஓர் இளைஞனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் நான் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் யார், எங்கே என்பவை. இங்கே கேட்கவே கூடாதவை அந்த இரண்டும்தான். பழக்கம் மாற வெகுநாள் ஆனது.

ஆண்கள் ஒருவரையொருவர் தேடும் ஆப்களில், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று காட்டும். சென்னையில் அரை கிலோமீட்டர் என்றால் ஆயிரக்கணக்கான வீடுகள். சித்தையன்கோட்டையில் அரை கிலோமீட்டர் என்றால் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் யோசித்தால் எந்த வீடு என்றும் சொல்லிவிடலாம். அதனால் நம் மாவட்டத்தில் யாரும் முகத்தைப் போடுவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள், ஓர் அருவி, அல்லது வெறும் சாம்பல் நிறக் கட்டம். பெயர் அவர்களே வைத்துக்கொண்டது. நம் திட்டத்தின் பக்கம் மட்டும், பேசுகிறவர் படத்தோடு, வெளிப்படையாக இருக்கும்: எச்.ஐ.வி. பற்றியும் பால்வினை நோய்கள் பற்றியும் பேசலாம், ரகசியம் காக்கப்படும்.

விதிகள் இரண்டு. பெயரும் ஊரும் கேட்கக்கூடாது. ஒருவர் காணாமல் போனால் துரத்தக்கூடாது. இரண்டாவது விதி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு முன்பிருந்த களப்பணியாளர் ஒருவர், பல வாரங்களாக வராத ஒரு பையனின் எண்ணுக்கு அழைத்தார். எடுத்தது அவனுடைய அண்ணன். "எங்கருந்து பேசறீங்க, என்ன விசயம்?" என்று அவர் கேட்டதும் இவர் தடுமாறி, ஆஸ்பத்திரியிலிருந்து என்று சொல்லிவிட்டார். அடுத்த முகூர்த்தத்திலேயே அந்தப் பையனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அதன்பின் அவன் நம்மிடம் வரவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதும் நமக்குத் தெரியாது.

அன்று முதல், தெருவில் எதிரே வந்தால்கூட நம் ஆட்கள் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும் சன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம். நம்மை ஊருக்குத் தெரியும். நம்மோடு நின்று பேசுகிறவனையும் ஊர் கவனிக்கும்.

இன்னொரு விஷயம் எந்தப் பயிற்சியிலும் வராது. கார்த்திகை பிறந்தால் ஆப் வெறிச்சோடிவிடும். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள், அதைத் தொடர்ந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள், விரதம் தொடங்குமுன் தங்கள் பக்கத்தை அழித்துவிடுவார்கள். கறியை விடுவதுபோல, செருப்பை விடுவதுபோல இதுவும். சிலர் போகுமுன் எழுதுவார்கள்: "சாமிக்கு மாலை போடுறேன். தை முடிஞ்சு பாப்போம்." பெரும்பாலோர் அதுவும் எழுதமாட்டார்கள். தைப்பூசம் முடிந்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைக்கும். அலுவலகத்தில் இதை சீசன் என்போம். சீசனில் யார் மறைந்தாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அப்போது ஆப் பக்கத்தைக் கவனித்தவர் செல்வம். முப்பதைத் தொடாத வயது, தாடிக்கொம்புக்காரர். அவரும் ஆண்களை விரும்புகிறவர். வீட்டுக்குத் தெரியும், அப்பா பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அவரிடம்தான் 'கதிர்' என்ற பெயரில் ஒருவன் எழுதத் தொடங்கினான். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"கொசு கடிச்சா வருமாண்ணே?"

"வராது."

"சலூன்ல?"

"வராது தம்பி. எப்படி வரும்னு கேளு, சொல்றேன்."

"நேரா கேட்டா அசிங்கமா இருக்குமேன்னு சலூன் வழியா வாரேன்."

செல்வம் சிரித்துக்கொண்டே திரையை என்னிடம் காட்டினார். வேலை இடைவெளிகளில் கதிர் எழுதுவான். சில நாள் இரண்டு வரி, சில நாள் நிறைய. ஒருநாள் இப்படிக் கேட்டான்: "எனக்குப் பொண்ணுங்களயும் பிடிக்குது. அப்ப நான் எதுல சேத்தி?"

"மனுசங்கள்ல சேத்தி."

"அத எங்கம்மாட்ட வந்து சொல்லுங்க. அடுத்த வருசம் பொண்ணு பாக்கப் போறாங்களாம்."

நாம் கேட்காமலே அவன் சொன்னவை சில உண்டு. வத்தலக்குண்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பேனர் வடிவமைக்கிறான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதமாட்டான், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கப் போய்விடுவான். பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்தே ஆப் மூலம் ஆண்களைச் சந்தித்திருக்கிறான். பாதுகாப்பு இல்லாமல்தான். சில மாதங்களாக உடம்பு இளைக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது.

செல்வம் சோதனைக்கு வரச் சொன்னார். "பெரியாஸ்பத்திரிக்கு வா. கூட நான் இருக்கேன்."

"எங்க சித்தி அங்கதான் ஆயாவா இருக்கு. உங்களுக்கு முன்னாடி அது வாசல்ல நிக்கும்."

"அப்ப மதுரைக்குப் போ."

"நான் மதுரை பஸ்ஸுல ஏறினா இறங்குறதுக்குள்ள எங்கம்மாவுக்கு நாலு பேரு போன் போட்டுருவாங்க."

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பன் மூலம், வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைப் பெட்டி ஒன்றை வரவழைத்தான். ஒரு கோடு என்றால் தொற்று இல்லை, இரண்டு என்றால் இருக்கலாம், எது வந்தாலும் மறுபடி ஒரு மையத்தில் உறுதி செய்ய வேண்டும் என்று செல்வம் விளக்கினார். பெட்டி கைக்கு வந்த அன்று கதிர் எழுதினான்: "வந்துருச்சுண்ணே. நாளைக்குக் கடை லீவு. பாத்துர்றேன்."

"பயப்படாத. எதுவா இருந்தாலும் இங்க வந்து சொல்லு."

"சரிண்ணே."

அதோடு நின்றது. செல்வமும் எழுதவில்லை. நெருக்கக்கூடாது, அவனாகச் சொல்லட்டும் என்பது நம் நடைமுறை. அடுத்த வாரம் கதிரின் பக்கம் இல்லை. ஆப்பில் ஒருவர் பக்கத்தை அழித்தால் அவரோடு பேசியதெல்லாம் நம் திரையிலிருந்தும் போய்விடும். கார்த்திகை பிறந்திருந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் அவன் பேச்சு வந்தபோது, "மாலை போட்டிருப்பான் சார்" என்றார் செல்வம். அடுத்த ஆளுக்குப் போனோம்.

மார்கழியில் ஒருநாள் மதியம் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். கடை வாசல்களில் காகித நட்சத்திரங்கள் விற்பனைக்குத் தொங்கின. அலுவலகம் வந்து செல்வத்திடம் கேட்டேன்.

"அந்தக் கதிர் ஞாயித்துக்கிழமை எங்க போவான்னு சொன்னீங்க?"

"சர்ச்சுக்கு சார். கீபோர்டு வாசிக்..." என்றவர் நிறுத்திவிட்டார். கையிலிருந்த டீ தம்ளரை மேசையில் வைத்தார். "அவன் எதுக்கு சார் மாலை போடப்போறான்" என்றார் மெதுவாக.

அந்தப் பெயர் எங்களை ஏமாற்றிவிட்டது. கதிர் என்பது அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெயருக்கு ஏற்ற ஒரு வீடு, ஒரு சாமி, ஒரு விரதம் எல்லாவற்றையும் நாங்களே சேர்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக் கீபோர்டும் கார்த்திகை மாலையும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது என்பது ஒரே அறையில் உட்கார்ந்திருந்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சோதனைப் பெட்டியைக் கையில் வைத்திருந்தவன், விரதக் காரணம் எதுவும் இல்லாமல், வாரக்கணக்கில் காணாமல் போயிருக்கிறான்.

அவனைக் கண்டுபிடிப்பது எனக்குக் கடினமில்லை. வத்தலக்குண்டில் ஃபிளெக்ஸ் கடைகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? அங்கே சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பையன் எத்தனை பேர் இருப்பார்கள்? பழைய நிருபர் நண்பர் ஒருவருக்கு ஒரு போன் போட்டால் பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் நின்றுவிடலாம். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். செல்வம்தான், முதலில் மேடத்தைக் கேட்டுவிடலாம் என்றார்.

மேடம் என்பது நம்பிக்கை மையத்தின் ஆலோசகர். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் நடக்கும் அந்தச் சிறிய அறையில் பல வருடங்களாக உட்கார்ந்திருப்பவர். நாங்கள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"கண்டுபிடிச்சு என்ன சார் பண்ணுவீங்க?"

"பேசுவேன்."

"எங்க வச்சு?"

"கடைக்கு வெளிய கூப்பிட்டு."

"ஆப்புல பேசுற கதிர் நீதானப்பான்னு கேப்பீங்க. கடையில நாலு பேரு பாத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க பஸ் ஏறி வந்துருவீங்க. அவன் எங்க போவான்?"

கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டேன்.

"அவன் உங்கள நம்பிக் குடுத்தது அவன் பயத்த. கடையவும் சர்ச்சையும் பேச்சுவாக்குல சொன்னான். அதுகளச் சேத்து வச்சு வீட்டக் கண்டுபிடிச்சா அது உங்க கெட்டிக்காரத்தனம் சார். அவன் குடுத்ததில்ல."

"செத்துருந்தா, மேடம்?" என்று கேட்டார் செல்வம்.

"செத்துருந்தா இந்நேரம் சாருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் மேடம். உண்மைதான். அவரிடம் வருமுன்பே பழைய நாளிதழ்களைப் புரட்டிப் பார்த்திருந்தேன். வத்தலக்குண்டு வட்டாரத்தில் இளைஞன் தற்கொலை என்று எதுவும் வரவில்லை.

"உயிரோட இருந்தா என்னைக்காவது ஆப்புக்கு வருவான். செல்வம், அழிச்சவன் எவன் வராம இருந்திருக்கான்? வர்றப்ப அவன் கண்ணுல படுற மாதிரி எழுதி வைங்க. பேரு போடாம."

அன்றே செல்வம் திட்டத்தின் பக்கத்தில் இருந்த வாசகங்களை எடுத்துவிட்டு இப்படி எழுதினார்: 'பெரியாஸ்பத்திரில சொந்தக்காரங்க இருக்காங்களா? வேற இடம் இருக்கு. பேரு சொல்ல வேண்டாம். ரிசல்ட் எதுவா இருந்தாலும் பேசலாம்.'

அந்த வாரமே முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒருவனுக்கு மாமா ஆய்வகத்தில், ஒருவனுக்கு மதினி நர்ஸ். ஒருவன், "எனக்குச் சொந்தக்காரங்க இல்ல, நானே அங்கதான் வேலை பாக்குறேன்" என்று எழுதினான். இத்தனை பேர் ஒரே காரணத்துக்காக ஒதுங்கி நின்றது எங்களுக்கு அதுவரை தெரியாது. கதிர் மட்டும் வரவில்லை.

அன்று நான் வத்தலக்குண்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? மருத்துவக் கணக்கில் பார்த்தால் சில வாரங்கள் கிடைத்திருக்கும். அந்த வாரங்கள் போதுமானவையாக இருந்திருக்கலாம். கடை வாசலில் என்னைப் பார்த்த அன்றே அவன் பூச்சிமருந்துக் கடைக்கோ கிணற்றுக்கோ போயிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேடம் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்த வாரம், புதிதாக முளைத்த ஒரு சாம்பல் கட்டத்திலிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. செல்வம் ஒலியைக் கூட்டி என்னைக் கேட்கச் சொன்னார்.

"அண்ணே, கதிர் பேசறேன். எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது, டைப் பண்ண முடியல. நீங்க எழுதி வச்சிருக்கறத ஒரு கண்ண மூடிக்கிட்டுப் படிச்சேன். தல வலி தாங்கலண்ணே."

அதுவரை எழுத்தாக மட்டுமே தெரிந்தவனின் குரலை அன்றுதான் கேட்டோம். "சின்னப் பையன்னு நெனச்சேன் சார். கனத்த குரலா இருக்கு" என்றார் செல்வம். பிறகு ஆப் வழியாகவே அழைத்தார். கிறிஸ்துமஸிலிருந்து தலைவலி. வாந்தி. கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார். காதுகுத்து பேனரில் ஒரே வரியை இரண்டு முறை அடித்துவிட்டான் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்த டெஸ்ட்டு?" என்று கேட்டார் செல்வம்.

"ரெண்டு கோடுண்ணே."

மேடத்துக்கு போன் போட்டோம். அறிகுறிகளைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. "கவுன்சிலிங், டோக்கன் எதுவும் வேண்டாம். மதுரைக்குக் கொண்டு போங்க. இப்பவே."

செல்வம் சட்டைப் பையில் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுபடி அழைத்தபோது கதிர்தான் தடுத்தான். "நீங்க வேணாம்ணே. இங்க உங்களத் தெரிஞ்ச ஆளுக இருக்காங்க."

நான் போனை வாங்கினேன். "தம்பி, நான் அவரோட ஆபீஸ்காரன். எனக்குத் தலையெல்லாம் நரை. நான் வந்தா யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க. வரட்டுமா?"

"வாங்க சார்." பெயரையும் ஊரையும் அவனே சொன்னான்.

"டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லலாமா?"

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. அம்மாகிட்ட வேணாம்."

இந்த இரண்டு கேள்விகளையும் வண்டி பிடிக்கும் அவசரத்தில் கேட்காமல் விட்டிருந்தால், அதன்பின் கேட்கவே வாய்ப்பு இருந்திருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு முகப்பில் நட்சத்திரம் இன்னும் இறக்கப்படாமல் தொங்கியது. உள்ளே சன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. உங்கள் மகனுக்குத் தெரிந்த ஒருவர் அனுப்பினார், மதுரையில் பெரிய டாக்டர்கள் பார்க்க வேண்டிய தலைவலி இது என்று மட்டும் சொன்னேன்.

"எந்தத் தெரிஞ்சவரு சார்?"

"போன்ல பழக்கம்மா."

கதிர் கையை நீட்டினான். "போலாம்மா. அந்த அண்ணன் நல்லவரு" என்றான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஒரு துணிப்பையில் போர்வையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி நிலக்கோட்டையைத் தாண்டியது. அவன் தலை அவர் மடியில் இருந்தது. முந்தானையால் அவன் கண்ணை மறைத்துப் பிடித்திருந்தார். "செத்த நேரம்தான் அப்பு, வந்துரும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று என்னிடம் கேட்டார்.

"போன்ல பழக்கம்னா, மூஞ்சி தெரியாமயா சார்?"

"ஆமாம்மா."

"மூஞ்சி தெரியாதவுக வண்டி பிடிச்சுக்கிட்டு வாரீக. கூட வாசிக்கிற பயலுக ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

மதுரையில் அவசரப் பிரிவை அடைந்தபோது, நாங்கள் கூப்பிட்டால் அவன் கண் திறப்பதோடு சரி, பேச்சு நின்றுவிட்டது. பணியில் இருந்த டாக்டர் இளம் வயது. அவருக்கு முன்னால் வரிசையாகப் படுக்கைகள். நின்றபடியே சத்தமாகக் கேட்டார்: "எத்தனை நாளா? வேற ஏதாச்சும் வியாதி இருக்கா? முன்னாடி ஏதும் டெஸ்ட் எடுத்தாங்களா?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருந்த பிள்ள" என்றார் அம்மா.

டாக்டர் அதை நம்பி வேறு பக்கம் திரும்பினால் அந்த நாள் போய்விடும். அம்மாவை வைத்துக்கொண்டு சொன்னால் அவன் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் போய்விடும். நான் அம்மாவிடம் திரும்பினேன். "அம்மா, வெளிய போய் ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துருங்க."

அவர் கையிலிருந்த துணிப்பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. அதன் மூடி வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான அனுப்புறீக" என்றார். "போறேன். சொல்ல வேண்டியத வெரசாச் சொல்லிருங்க. புள்ளயப் பாக்கட்டும்."

டாக்டரிடம் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் தொற்று, எதிர்ப்புச் சக்தி அடியோடு போயிருக்கிறது என்று மறுநாள் சொன்னார்கள்.

மருந்து ஏறத் தொடங்கியதும் கொஞ்சம் தெளிந்தான். மதுரையில் செல்வத்தை யாருக்கும் தெரியாது என்பதால் அவர் பார்க்க வந்தார். அம்மா துணி அலசப் போயிருந்த நேரம். கதிரின் ஒரு கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். மற்றக் கண்ணால் செல்வத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீங்கதானாண்ணே? படத்துல முடி நெறைய இருந்துச்சு."

"அது பழைய படம்டா" என்றார் செல்வம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏன்டா அழிச்சுட்டுப் போன? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்றார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்ணே. எப்படி எழுதுறதுன்னு தெரியல. அடிச்சு அடிச்சு அழிச்சேன். என்னாச்சுன்னு நீங்க கேட்டா, ஆமான்னு மட்டும் போட்டுரலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் போன கையிலயே வச்சிருந்தேன். சர்ச்சுல கூட சைலண்ட்ல போடல, பாட்டு வாத்தியார் திட்டினாரு." மூச்சு வாங்கினான். "நீங்க ஆன்லைன்லதான் இருந்தீங்க. பச்ச விளக்கு எரிஞ்சுச்சு."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். செல்வம் கையை விடவில்லை.

மாசியில் கதிர் இறந்தான். அவன் அம்மா எனக்கு போன் செய்து சொன்னார். கடைசியில், "அந்தத் தெரிஞ்சவரு வரமாட்டாரா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே, "வந்தா யாருன்னு ஊரு கேக்கும். வேணாம், விடுங்க" என்று வைத்துவிட்டார். நாங்கள் போகவில்லை. அன்று முழுக்கச் செல்வம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் வேலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. துரத்தக்கூடாது என்ற விதியும் அப்படியே இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் கதவைத் தட்டுவது ஒன்று, கதவு திறந்திருக்கும்போதே பேசாமல் உட்கார்ந்திருப்பது வேறொன்று. நாங்கள் இரண்டையும் ஒரே விதிக்குள் போட்டு வைத்திருந்தோம். எதிரில் இருப்பவன் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறானா என்பது நம் திரையில் தெரியாது. அவன் நம் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரியாது.

இப்போது யாராவது நாளைக்கு டெஸ்ட் என்று எழுதினால், மறுநாள் செல்வம் ஒரு வரி எழுதுகிறார்: 'என்னாச்சு தம்பி?' பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அவன் பக்கம் இருக்கும்வரை, அந்தப் பக்கத்துக்குள் மட்டும். பலருக்கு இது பிடிப்பதில்லை. சிலர் நம்மைத் தடை செய்துவிடுகிறார்கள். தொந்தரவு என்று மேலே புகார் போய் விளக்கம் கேட்டார்கள். நான் ஓய்வு பெறுமுன் கடைசியாக எழுதிக் கொடுத்த விளக்கம் அதுதான்.

சென்ற மாதம் அலுவலகம் பக்கம் போயிருந்தேன். செல்வம் அதே நாற்காலியில் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். முந்தைய நாள் சோதனைக்குப் போவதாகச் சொன்ன ஒருவன் எழுதியிருந்தான்: "உனக்கு வேற பொழப்பே இல்லையாடா? சும்மா என்னாச்சு என்னாச்சுன்னு. ஒனக்கென்ன வந்துச்சு?"

"திட்டுறான் சார்" என்றார் செல்வம், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "ஆனா இருக்கான்."

அவனுக்குப் பதில் அடிக்கத் தொடங்கினார்.